தொண்டு செய்வார்க்கும் துணை வேண்டும்

‘மேற்பார்வை’ என்னும் சொல் தமிழில் நல்ல பெயர் எடுத்த சொல் அன்று. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, ஆலையில் நேரம் குறிக்கும் மேஸ்திரி, தேர்வுக்கூடத்தில் நம் முதுகுக்குப் பின்னால் நடமாடும் ஆசிரியர் ஆகியோரே அச்சொல்லைக் கேட்டதும் கண்முன் வந்து நிற்கின்றனர். மேலே நின்று பார்ப்பவன் ஒருவன். கீழே நின்று பார்க்கப்படுபவன் மற்றொருவன். சொல்லின் அமைப்பே அப்படி. ஆனால் சமூகப் பணியிலும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் அளிக்கும் துறைகளிலும் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. அதைப்பற்றி எழுத ஓர் அறிவியல் மாணவனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு சமூகப் பணியாளர், அல்லது ஒரு பிசியோதெரபிஸ்ட், அல்லது பேச்சுப் பயிற்சி அளிப்பவர், தம் துறையில் தம்மினும் பழுத்த ஒருவருடன் குறித்த நாளில், குறித்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார். தாம் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றி, ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுகிறார். என்ன கண்டேன், என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன், அது என்னை என்ன செய்தது என்று வரிசையாக எடுத்துரைக்கிறார். கேட்பவர் வினாக்களை எழுப்புகிறார். அவ்வளவுதான். இதைத்தான் தொழில்முறை மேற்பார்வை என்கிறார்கள்.

அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் 1976இல் இப்பொருள் பற்றி எழுதிய நூல் இன்றும் பாடமாக இருக்கிறது. மேற்பார்வையில் மூன்று வேலைகள் கலந்திருக்கின்றன என்று அவர் வகுத்தார். பணி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் நிர்வாகம் ஒன்று. பணியாளரின் அறிவையும் திறத்தையும் வளர்க்கும் கற்பித்தல் மற்றொன்று. பணியின் பாரத்தால் அவர் ஒடிந்துவிடாமல் தாங்குதல் மூன்றாவது. மூன்றும் வேண்டும். ஆனால் நான் கண்ட வரையில், நம் நாட்டில் முதல் வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. மாத முடிவில் பதிவேட்டைப் புரட்டி, ‘எத்தனை வீடு போனாய்?’ என்று கேட்டு முடித்துவிடுவதே மேற்பார்வை என்றாகிவிட்டது.

இது மேனாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ண வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏழைக் குடும்பங்களைக் காணச் சென்ற தொண்டர்கள் திரும்பி வந்து, அறநிலையத்தின் ஊதியப் பணியாளர் ஒருவரிடம் தாம் கண்டதைச் சொல்லி ஆலோசித்தனர். மேற்பார்வையின் வேர் அங்கேதான் என்பர். நம் நகரிலோ அதற்கு எண்பது, தொண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. நாக்பாடாவில் ஏழைத் தொழிலாளரிடையே குடியிருப்பு மன்றம் நடத்திய கிளிஃபர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கரைத் தலைவராகக் கொண்டு, 1936இல் பம்பாயில் சர் தொராப்ஜி டாடா சமூகப் பணிப் பட்டப் பள்ளி தோன்றியது. இந்தியாவில் இத்துறைக்கு அதுவே முதற் பள்ளி. அடுத்த ஆண்டே, 1937இல், குழந்தை வழிகாட்டு நிலையம் ஒன்றையும் அது தொடங்கியது. 1944இல் அதன் பெயர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என மாறிற்று. 1954இல் செம்பூரை அடுத்த தேவனாருக்குக் குடிபெயர்ந்தது. நம்மில் பலர் நாள்தோறும் அதன் வாயிலைக் கடந்து பேருந்தில் போகிறோம். மான்ஷார்ட்டுக்குப் பின் அதன் இயக்குநராக வந்தவர் ஒரு தமிழர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் தமையனார் ஜே.எம். குமரப்பா அவர்களே அவர். இந்தியாவில் ஒரு மருத்துவமனை முதன்முதலாக மருத்துவச் சமூகப் பணியாளரை நியமித்ததும் இந்நகரில்தான்: 1946இல், ஜே.ஜே. மருத்துவமனையில்.

சிகிச்சைத் துறைகளின் கதையும் இங்கேயே தொடங்குகிறது. உண்ணுதல், உடுத்தல், எழுதுதல் முதலிய அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் கலைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். அதற்கான முதற் பள்ளியை 1950இல் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் நிறுவியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டவராகவே வாழ்ந்த அம்மையார் அவர். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்காக மிது அலூர் 1972இல் இந்திய ஸ்பாஸ்டிக் சங்கத்தைத் தொடங்கியதும் பம்பாயிலேயே.

இப்பள்ளிகளில் மாணவர்க்கு மேற்பார்வை தாராளமாகவே கிடைக்கிறது. தேவனாரிலும், 1955இல் தோன்றிய நிர்மலா நிகேதன் கல்லூரியிலும் சமூகப் பணி மாணவர் வாரத்தில் சில நாள் களத்துக்குப் போகிறார். கண்டதை எழுதிக் கொடுக்கிறார். ஆசிரியருடன் தனியே அமர்ந்து அதை வரிவரியாக அலசுகிறார். மருத்துவமனையில் பயிலும் பிசியோதெரபி மாணவரும் மூத்தவர் பார்க்காமல் நோயாளியின் காலைத் தொடமாட்டார். பட்டம் கையில் வருகிறது. வேலை கிடைக்கிறது. அன்றோடு அந்த ஒரு மணி நேரம் போய்விடுகிறது! ஓராண்டுப் பயிற்சி மாணவருக்கு ஐந்து குடும்பங்களுக்கு ஓர் ஆசிரியர். ஊதியம் பெறும் பணியாளருக்கோ ஐம்பது குடும்பங்களுக்கு ஒருவரும் இல்லை. கணக்கு தலைகீழாக இருக்கிறதன்றோ?

இனி என் கதைக்கு வருகிறேன். ஆட்களின் அடையாளங்களை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன்.

தாராவியில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குத் தமிழும் இந்தியும் தெரிந்த மாணவர் தேவை என்று நம் சங்க அறிவிப்புப் பலகையில் கண்டு, சென்ற ஆண்டு சில மாதம் சனிக்கிழமைகளில் போய்வந்தேன். மராத்தியப் பெண் ஒருவர் அங்கே சமூகப் பணியாளர். வேலைக்கு வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. அவர் பேசுவதைத் தமிழிலும், தாய்மார் பேசுவதை இந்தியிலும் சொல்வது என் வேலை. தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. தாய், மாதுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். தந்தைக்கு இரவு வேலை. நான்கு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். தலை நிற்காது. படுக்க வைத்தே சோறு ஊட்டி வந்தார்கள்.

படுத்திருக்கும் குழந்தைக்கு ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகலாம். அது நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சல் வரும். இது உயிரியல் படித்த எனக்குத் தெரியும். அந்தப் பையனை ஓராண்டில் இருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சாய்த்து உட்கார வைத்து ஊட்ட வேண்டும் என்று சமூகப் பணியாளர் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். தாய் தலையாட்டினார். மறுமுறை போனபோதும் பையன் படுத்தபடியே தின்றுகொண்டிருந்தான். மூன்று முறை இவ்வாறு நடந்தது. மூன்று முறையும் பணியாளர் தம் குறிப்பில், ‘தாய் ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதினார். அலுவலகத்தில் மாதக் கூட்டம் நடந்தது. வீடுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. குறிப்பை எவரும் படிக்கவில்லை.

பிறகு, ஓய்வு பெற்ற ஆக்குபேஷனல் தெரபி அம்மையார் ஒருவர் இரு வாரத்துக்கு ஒருமுறை வந்து பணியாளருடன் உட்கார ஒப்புக்கொண்டார். இந்தக் குடும்பத்தின் கதையைக் கேட்டதும் அவர், ‘மொழி பெயர்க்கும் பையனையும் கூப்பிடு’ என்றாராம். போனேன்.

அவர் கேட்ட முதல் வினாவே எங்களைத் திகைக்க வைத்தது. ‘பகலில் அந்தக் குழந்தைக்கு ஊட்டுவது யார்?’ தாய் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் இரண்டு மணிக்கு வருகிறார். அப்படியானால் ஊட்டுவது பாட்டி! மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவியிடம் நாங்கள் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊட்டாதவரிடம் ஊட்டும் முறையை மூன்று முறை சொல்லிவிட்டு, அவர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறோம்.

‘அந்த அறையில் சாய்த்து உட்கார வைக்க எங்கே இடம்?’ என்பது அடுத்தது. இரவு வேலை முடித்து வந்த தந்தை தரையை அடைத்துப் படுத்திருப்பார். சுவரோரம் தண்ணீர்ப் பீப்பாய். இடம் இல்லைதான்.

மூன்றாவது வினா பாடத்தைப் பற்றியதன்று. ‘அந்த வீட்டுக்குள் நுழையும்போது உனக்கு எப்படி இருக்கும்?’ சமூகப் பணியாளர் முதலில், ‘கோபம் வரும், மேடம்’ என்றார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவரே, ‘கோபம் இல்லை. பயம். அந்தம்மா, பையன் நடப்பானா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அதனால்தான் வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுவேன்’ என்றார்.

அப்போது எனக்கு வியர்த்தது. ஏனெனில், அந்தத் தாய் கேட்டிருந்தார். இரண்டாம் முறை போனபோதே, ‘தம்பி, இவன் நடப்பானா மாட்டானா, அந்தப் பிள்ளைகிட்ட ஒரே வார்த்தையில கேட்டுச் சொல்லு’ என்று என்னைக் கேட்டார். நான் அதை இந்தியில், ‘பயிற்சியை எத்தனை நாள் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்’ என்று மாற்றிச் சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணவில்லை. வாய் தானாக அப்படிப் புரண்டது. ‘தொடர்ந்து செய்ய வேண்டும்’ என்று வந்த விடையை, ‘போகப் போகத் தெரியும்கா’ என்று தமிழாக்கினேன்! ஆறு வாரம் இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அன்று அந்த அறையில் சொன்னேன்.

அம்மையார் வையவில்லை. ‘உனக்கு விடை தெரியுமா?’ என்று மட்டும் கேட்டார். தெரியாது. அதைக் கற்பித்தார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் குழு 1997இல் வெளியிட்ட அளவை ஒன்று உண்டு. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளின் இயக்கத் திறனை அது ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. முதற்படிக் குழந்தை நடக்கும், ஓடும். ஐந்தாம் படியில் இருப்பது, தலையையும் உடலையும் தாங்குவதே அரிதான குழந்தை. பிறர் தள்ளும் சக்கர நாற்காலியில்தான் செல்லும். குழந்தை வளர்ந்தபின் எந்தப் படியில் நிற்கும் என்பதை இளம் வயதிலேயே பெரிதும் கணிக்கலாம் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இவன் ஐந்தாம் படி. நடக்க மாட்டான். ஆனால் சரியாக அமர்த்தினால் மூச்சுத் திணறாமல் உண்பான். எதிரே வருபவர் முகத்தைப் பார்ப்பான். இடுப்பு எலும்பு விலகாமல் காக்கலாம். ‘இவற்றைச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்’ என்றார்.

அடுத்த சனிக்கிழமை நால்வராகப் போனோம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் உடன் வந்தார். இம்முறை உள்ளே போய்த் தரையில் அமர்ந்தோம். பாட்டியும் இருந்தார். தாய் கேட்டதை அப்படியே சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் சொன்ன விடையை அப்படியே சொன்னேன். ‘நடக்க மாட்டான்’ என்னும் இரண்டு சொல்லையும் தமிழில் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன். தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ‘டாக்டர் யாரும் வாயைத் தொறந்து சொல்லல. எனக்குத் தெரியும்’ என்றார். மீண்டும் சற்றுப் பொறுத்து, ‘சரி, உக்காருவானா?’ என்று கேட்டார். தச்சர் ஒருவரிடம் சொல்லி, சுவர் மூலையில் பொருந்தும் மரஇருக்கை ஒன்று செய்யப்பட்டது. தந்தை எழுந்தபின் அதை இறக்கி வைப்பார்கள். நண்பகல் ஊட்டலையும் தந்தை எழும் நேரத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். பாட்டிதான் இன்றும் ஊட்டுகிறார்.

இக்கதையில் சமூகப் பணியாளரும் நானும் கெட்டவர்கள் அல்லேம். சோம்பேறிகளும் அல்லேம். தனியே விடப்பட்டவர்கள். இரக்கம் மிகுந்த மனம் தனியே விடப்பட்டால் ஒன்று அஞ்சி ஒதுங்குகிறது, அல்லது குற்றத்தை எதிரிலிருப்பவர் தலையில் போட்டுவிடுகிறது. ‘ஒத்துழைப்பதில்லை’ என்னும் சொல் எத்தனை கோப்புகளில் இப்படி உறங்குகிறதோ! மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர். மைக்கேல் பாலிண்ட் என்னும் உளமருத்துவர், 1950களில் இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் குடும்ப மருத்துவர்களை வாரந்தோறும் கூட்டி, அவரவரைத் தொல்லைப்படுத்தும் நோயாளியைப் பற்றிப் பேசச் செய்தார். 1957இல் அதைப்பற்றி அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. நோயாளியைப் பற்றிப் பேசத் தொடங்கிய மருத்துவர்கள் தம்மைப் பற்றியே மிகுதியும் கற்றனர் என்பதே அதன் சாரம்.

சமூகப் பணியாளர்க்கு ஆக்குபேஷனல் தெரபி படித்தவர் மேற்பார்வை செய்யலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. தொழில் நுட்பத்துக்குத் தொழிலறிந்தவரே வேண்டும். விழுங்கும் திறனைச் சோதிப்பதில் பேச்சுப் பயிற்சியாளர் செய்யும் பிழையைச் சமூகப் பணி கற்றவர் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் குடும்பத்தோடு பேசுவது, எல்லை காப்பது, மனம் சோர்வது ஆகியவை எல்லாத் துறைக்கும் பொது. அங்கே பிற துறையாரின் கண் சில வேளை கூர்மையாகவே இருக்கும். தம் துறையாருடன் ஒன்று, பல துறையார் கூடிய குழுவாக ஒன்று என இரண்டும் இருப்பதே சிறப்பு. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: ஊதிய உயர்வை முடிவு செய்பவரே மேற்பார்வையாளராகவும் இருப்பது. அவரிடம் யார் அச்சத்தைச் சொல்வார்?

கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது என்றால் எல்லாமே இரகசியம் என்பதன்று. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அது அறையை விட்டு வெளியே போயே தீரும். அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பணியாளரின் சொந்தத் துயரங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இடமும் அதுவன்று.

மூத்தவர்கள் அருகே இல்லாத ஊரில் என் செய்வது? இதற்குத் தமிழ்நாட்டிலேயே விடை தேடியவர்கள் இருக்கிறார்கள். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் நிறுவியவர் எஸ். இராமகிருஷ்ணன். கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். அச்சங்கம் சுற்றுவட்டாரப் பெண்களைப் பயிற்றி, சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு அனுப்புகிறது. ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்னும் கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கி, வீட்டில் அப்பெண் குறிக்கும் அளவுகளைத் தொலைவிலுள்ள சிகிச்சை வல்லுநர் பார்த்து வழிகாட்டவும் வகை செய்திருக்கிறது. கிராமத்துப் பணியாளருக்குப் பின்னால் ஒரு வல்லுநர் இருக்கிறார் என்னும் நிலையே பெரிது. செயலியில் அளவு தெரியும். ‘வாசலிலேயே நின்றுவிட்டேன்’ என்பது தெரியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் முதலானோரின் படிப்பையும் பதிவையும் ஒழுங்கு செய்கிறது. 2021ஆம் ஆண்டின் சட்டம் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி ஆகியவற்றோடு மருத்துவ, உளமருத்துவச் சமூகப் பணியாளரையும் ஒரே ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2016இன் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டதால் பணியின் பரப்பும் விரிந்தது. ஆஸ்திரேலியச் சமூகப் பணியாளர் சங்கமோ மேற்பார்வைக்கென்றே தனி நெறிமுறை வகுத்து வெளியிட்டிருக்கிறது. இங்கே அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தாரின் மனப்போக்கைப் பொறுத்தே கிடைக்கிறது. பணம் இல்லை என்பார்கள். இரு வாரத்துக்கு ஒரு மணி என்றால் மாதத்துக்கு இரண்டு மணி. அதனினும் மிகுதியான நேரத்தை நாங்கள் அந்தச் சந்தில் வீணே நடந்து கழித்திருந்தோம்.

நம் சங்க நண்பர்களில் சிலர் இவ்வாண்டு மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலைக்குப் போகிறார்கள். நேர்முகத் தேர்வில், ‘எனக்கு மேற்பார்வையாளர் யார்? எத்தனை நாளைக்கு ஒருமுறை? அந்த நேரம் பணிநேரத்தில் சேருமா?’ என்று கேளுங்கள். ஒருவர் அண்மையில் அப்படிக் கேட்டாராம். ‘எங்கள் ஆபீசில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வரலாம்’ என்று விடை வந்ததாம். கிழமையும் மணியும் சொன்னால் குறித்துக்கொள்கிறேன் என்று அவர் குறிப்பேட்டை எடுத்திருக்கிறார். வேலை கிடைத்தது, கிழமை வியாழன், மாலை நான்கு மணி.